ஒற்றை வாட் எண்ணை நம்பி ஆம்ப்ளிஃபயர் வாங்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நீங்கள் வெளியிடும் வீட்டு ஆடியோ ஒப்பீட்டு அட்டவணைகளில் ஆம்ப்ளிஃபயருக்கு நேரே ஒரே ஒரு வாட் எண்தான் அச்சாகிறது. எத்தனை ஓமில் (ஸ்பீக்கர் தரும் மின்தடை), இடது, வலது என எத்தனை சானல் ஒருசேர ஓடும்போது, எவ்வளவு டிஸ்டார்ஷனோடு (ஒலிச் சிதைவு) அளந்தது என்று சொல்லாத வாட்டால் வாசகருக்குப் பயனில்லை. பிஎம்பிஓ (கணநேர உச்ச பவர் என்று விளம்பரத்தில் காட்டும் எண்) என்று போட்டிருந்தால் அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம். அதை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எந்த நெறியும் கிடையாது.

எத்தனை வாட் தேவை என்ற கணக்கை ஸ்பீக்கரிலிருந்து தொடங்க வேண்டும். அதன் சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுத்த பவருக்கு எழுப்பும் சத்தம், 1 வாட்டுக்கு, 1 மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் என்று கொள்வோம். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் திறந்தவெளிக் கணக்குப்படி சுமார் 9.5 டெசிபல் குறையும். ஸ்பீக்கர் இரண்டு என்பதால் 3 கூடும். ஆகச் சானலுக்கு 1 வாட்டிலேயே 80 டெசிபல் கிடைக்கிறது. மூடிய அறையில் இன்னும் சற்றுக் கூடும். வீட்டுக்கு அது தாராளமான சத்தம். ஆனால் டிரம் அடி விழும் கணத்தில் ஒலி சராசரியைவிட 17 டெசிபல் வரை எகிறலாம். அதற்கு 50 மடங்கு, அதாவது 50 வாட் வேண்டும். ஸ்பீக்கர் 90 டெசிபல் என்றால் 25 வாட் போதும். 84 என்றால் 100 வாட். 80 வாட் மாடலுக்கும் 100 வாட் மாடலுக்கும் இடையே இருப்பது 1 டெசிபல்தான். அந்த வித்தியாசத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

அடுத்து ஓம். 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கரும் சில அதிர்வெண்களில் அதற்குக் கீழே இறங்கும். அப்போது ஆம்ப் கூடுதல் கரண்ட் தர வேண்டும். 8 ஓமில் 60 வாட் தருவது 4 ஓமில் 90 வாட்டாவது தந்தால் பவர் சப்ளை தெம்பாக இருக்கிறது என்று அர்த்தம். 4 ஓம் அளவே தராத மாடல் என்றால் யோசித்து வாங்குங்கள்.

கிளாஸ் ஏபியா, கிளாஸ் டியா (இரண்டும் ஆம்ப் சர்க்யூட் வகைகள்) என்ற சண்டை தேவையில்லாதது. ஏபி சூடாகும், மேலே காற்றோட்டத்துக்கு 10 செ.மீ. இடைவெளி விட வேண்டும். டி வகையில் பார்க்க வேண்டியது அவுட்புட் ஃபில்டர், அதாவது ஸ்பீக்கருக்குப் போகும் முன் சுவிட்சிங் மிச்சத்தை வடிகட்டும் பகுதி. ஃபீட்பேக்கை (பிழை திருத்தத் திருப்பி எடுக்கும் சிக்னல்) ஃபில்டருக்கு முன்பே எடுக்கும் மலிவு வடிவமைப்புகளில், ஸ்பீக்கரின் இம்பீடன்ஸுக்கு, அதாவது ஓமுக்கு, ஏற்ப ட்ரெபிள் (உச்ச சுருதி ஒலி) ஏறும், இறங்கும். அடாப்டரில் ஓடும் குட்டி ஆம்ப்களின் வாட்டைச் சரிபார்க்க ஒரு எளிய கணக்கு உண்டு: வோல்டேஜை வோல்டேஜால் பெருக்கி, ஓமின் இரு மடங்கால் வகுங்கள். 24 வோல்ட் அடாப்டர், 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் 36 வாட். அட்டைப்பெட்டியில் 100 என்று போட்டிருந்தாலும் அதற்கு மேல் சுத்தமான ஒலி வராது. பிரிட்ஜ் முறையில் (ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிராக இயக்குவது) இயங்கும் சிப்புக்கான கணக்கு இது. அந்த முறை இல்லையென்றால் கால் பங்குதான்.

வால்யூம் பாதியில் நிற்பதால் பாதி பவர் மிச்சம் என்று நினைக்கக் கூடாது. சிடி பிளேயர் 2 வோல்ட் தருகிறது. பல ஆம்ப்கள் அந்த 2 வோல்ட்டில் கால் பங்கு கிடைத்தாலே முழு பவரை எட்டிவிடும். அதனால் குமிழ் பாதியில் இருக்கும்போதே முழு பவர் வந்துவிடலாம். குமிழை அதற்கு மேல் திருப்பினால் கிளிப்பிங்தான், அதாவது அலையின் உச்சி வெட்டுப்படும்; முதலில் போவது ட்வீட்டர் (உச்ச சுருதிக்கான சிறு ஸ்பீக்கர்).

பழைய ஆம்ப் வாங்குபவர்கள் மல்டிமீட்டரோடு போவது நல்லது. ஸ்பீக்கரைக் கழற்றி, வால்யூமை முழுவதும் குறைத்து, 10 நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொரு சானலின் பிளஸ், மைனஸ் முனைகளுக்கு இடையே டிசி மில்லிவோல்ட் பாருங்கள். 30க்குள் என்றால் நல்லது. 100ஐத் தாண்டினால் ஸ்பீக்கரை இணைக்க வேண்டாம். ஒரு சானல் வால்யூமைக் கூட்டினால் மட்டும் உயிர்பெற்றால் பெரும்பாலும் ரிலே (ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி சுவிட்ச்) கான்டாக்ட் கறுத்திருக்கும். அது சின்னச் செலவு. ஹம் (‘ம்ம்’ என்ற இரைச்சல்) கேட்டால் இன்புட் ஒயர்களைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் பெரும்பாலும் கிரவுண்ட் லூப் (கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகிவிடுவது), ஆம்ப் மேல் குற்றமில்லை. நிற்காவிட்டால் பவர் சப்ளையைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்மேல்தான் முதல் சந்தேகம்.

அடுத்த முறை அட்டவணை வெளியிடும்போது 8 ஓம் வாட், 4 ஓம் வாட், டிஸ்டார்ஷன் சதவீதம் என மூன்று கட்டங்கள் சேர்க்க வேண்டுகிறேன். தயாரிப்பாளர் தராத விவரத்துக்கு ‘தரப்படவில்லை’ என்றே அச்சிடலாம்.

இப்படிக்கு,
ஆடியோ கருவிகள் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்