முதல் வருசம் பெட்ஷீட் மட்டும்

அம்மிணி கண்ணு,

நீ அனுப்பிய திட்டத்தைப் படித்தேன். சென்னிமலை பெட்ஷீட், பவானி ஜமக்காளம், ஈரோட்டு மஞ்சள், ஊத்துக்குளி நெய், காங்கேயத்துத் தேங்காயெண்ணெய் என்று ஐந்தையும் ஒரே நாளில் உன் இணையக் கடையில் ஏற்ற நினைக்கிறாய். முதல் வருசம் பெட்ஷீட் மட்டும் போதும்.

அமேசான் 1995-ல் புத்தகத்தை மட்டும்தான் விற்க ஆரம்பித்தது. 2007-ல் பெங்களூரில் பிளிப்கார்ட்டும் அப்படியே. புத்தகம் கெடாது, உடையாது, எங்கே வாங்கினாலும் அதே சரக்கு. அந்தக் கணக்கில் உன் ஐந்தையும் பார். நெய் ஒழுகும். நெய், எண்ணெய், மஞ்சள் மூன்றுக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். ஜமக்காளம் கனம்; கூரியரே லாபத்தைத் தின்றுவிடும். பெட்ஷீட்டுக்கு ஒரே குறை, சாயம் லாட்டுக்கு லாட் மாறும். ஒவ்வொரு லாட்டையும் பகல் வெளிச்சத்தில் புதிதாகப் படம் எடு. பழைய படத்தை வைத்துப் புது லாட்டை அனுப்பினால் "படத்தில் வேற கலர்" என்று திரும்பி வரும்.

சரக்கை வாங்கி அடுக்காதே. 1999-ல் அமெரிக்காவில் ஜாப்போஸ் என்ற இணையச் செருப்புக் கடையை ஆரம்பித்த நிக் ஸ்வின்மர்ன், பக்கத்துக் கடைகளில் செருப்பு, ஷூக்களைப் படம் எடுத்துப் போட்டார். ஆர்டர் வந்த பிறகே அந்தக் கடையில் காசு கொடுத்து வாங்கி அனுப்பினார். அதே காலத்தில் மளிகை விற்ற வெப்வேன், ஒரு ஊரில் லாபம் பார்க்கும் முன்பே ஊர் ஊராகப் பெரிய கிடங்கு கட்டி 2001-ல் மூடியது. நீ படம் எடுக்க மட்டும் ஆறு டிசைனில் ஒவ்வொன்று வாங்கு. கடைக்காரரிடம் அதே லாட்டில் ஐந்து உருப்படி ஒதுக்கி வைக்கச் சொல். ஒரே டிசைனுக்கு 30 ஆர்டர் சேர்ந்தால் தறியில் உனக்கென்று தனிப் பாவு (நீளவாட்டு நூல்) போடச் சொல்லலாம்.

இனி, எனக்குக் கவலை தருகிற இடம். பிளிப்கார்ட் 2010-ல் 'பொருள் வந்ததும் பணம்' கொண்டுவந்து நம்பிக்கையைச் சம்பாதித்தது. உண்மைதான். ஆனால் உன் கையிருப்புக்கு அது தாங்குமா? ஜிஎஸ்டி போக விலை 900 என்று வை. துணி 550, பேக்கிங் 25, கூரியர் 85, விளம்பரம் 120. மிச்சம் 120. பத்தில் இரண்டு திரும்பினால், ஒவ்வொன்றுக்கும் பேக்கிங், போகவர கூரியர், விளம்பரம் சேர்த்து 315 போகும். எட்டு விற்ற 960-ல் 330 தான் நிற்கும். மூன்று திரும்பினால் 105 ரூபாய் கை நஷ்டம். அதனால் 100 ரூபாய் முன்பணம் வாங்கு. அனுப்பும் முன் போன் போட்டு முகவரியை உறுதி செய்.

பேக்கிங்கையும் சும்மா விடாதே. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பெரும்பாலான கூரியர்களின் வழக்கம். அதுவும் அசல் எடையும் எது கூடுதலோ அதற்குத்தான் காசு. 1.2 கிலோ பெட்ஷீட்டை 35×30×8 பெட்டியில் வைத்தால் 1.68, அரைக்கிலோ கணக்கில் 2 கிலோவுக்குக் கட்டுவாய். காற்றை அமுக்கி 35×28×5 உறையில் போட்டால் 0.98 தான் வரும், அசல் எடைக்கு 1.5 கிலோ கட்டினால் போதும்.

உன்னிடம் இருக்கும் டபுள் பெட்ஷீட்டை மடித்து, டேப் வைத்து அளந்து, மூன்று அளவையும் இன்று ராத்திரி அனுப்பு. உறை இங்கேயே தைக்கக் கொடுத்துவிடுகிறேன்.

அப்பா