செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, தமிழ் வகுப்புப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

மியூனிக்கில் இயங்கும் நமது சங்கம் பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி விழாக்களை இந்த ஆண்டும் நிறைவாக நடத்தியது. செயற்குழு மாதந்தோறும் கூடியது. பள்ளி விடுமுறைகள் தவிர எல்லாச் சனிக்கிழமைகளிலும் தமிழ் வகுப்பு நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். ஆகவே, ஜூன் மாதத்தில் பிள்ளைகளை மரியன்பிளாட்ஸ் சதுக்கத்துக்கு அழைத்துச் சென்றதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச அனுமதி வேண்டுகிறேன். இந்த ஆண்டின் பணிகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது அதுதான்.

யோசனையைச் சொன்னவர் நம் தமிழ் வகுப்பு ஆசிரியை. “மதுரைக் கோபுரத்தின் கதை நம் பிள்ளைகளுக்குத் தமிழில் தெரிகிறது. பிறந்து வளரும் ஊரின் கதையை ஜெர்மன் மொழியில் மட்டும்தான் சொல்கிறார்கள்” என்றார். அது உண்மை. ரயில் மாறுவதற்காக எத்தனையோ முறை அந்தச் சதுக்கத்தின் அடியில் நடந்திருக்கிறோம். மேலே வந்து, நின்று, நிமிர்ந்து பார்த்த பிள்ளைகள் மிகச் சிலரே.

இருபத்து நான்கு பிள்ளைகளை நான்கு குழுக்களாகப் பிரித்தோம். சதுக்கத்தின் நடுவே 1638-இல் நிறுவிய மரியாள் தூணின் அடிப்பீடத்தில், கவசம் அணிந்த நான்கு வெண்கலக் குழந்தைகள் நான்கு விலங்குகளோடு சண்டையிடுகிறார்கள். சிங்கம் போரைக் குறிக்கிறது, டிராகன் பசியை, பசிலிஸ்க் என்னும் கற்பனை விலங்கு கொள்ளைநோயை, பாம்பு மாற்று நம்பிக்கையை. கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் அரசுகள் ஐரோப்பாவில் மோதிய முப்பதாண்டுப் போரின்போது, 1632-இல், சுவீடன் படை நகருக்குள் புகுந்தது. நகரம் அழியாமல் தப்பியதற்கு நன்றியாக, மியூனிக்கைத் தலைநகராகக் கொண்ட பவேரியாவின் ஆட்சியாளர் முதலாம் மாக்சிமிலியன் எழுப்பிய தூண் இது. குழுவுக்கு ஒரு விலங்கு. அதைக் கண்டுபிடித்து, அதன் கதையைத் தமிழில் சொல்ல வேண்டும்.

பாம்புக் குழுவில் இருந்த ஒன்பது வயதுச் சிறுமி, “வேறு சாமியைக் கும்பிட்டால் பாம்பா?” என்று கேட்டாள். அக்காலத்துக் கத்தோலிக்க அரசு புராட்டஸ்டண்டுகளைப் பகையாகப் பார்த்தது என்பதை மழுப்பாமல் சொன்னோம். இந்துப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்து நின்ற வட்டம் அது. பத்து நிமிடம் அவர்களே பேசினார்கள். நாங்கள் குறுக்கிடவில்லை. சிங்கத்தின் எதிரே, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே நெடுங்காலமாக வாழும் அம்மம்மா ஒருவர் தம் பேரனின் கையைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். போர் என்றால் என்ன என்று அவனுக்கு அவர் சொன்னது அவர்களுக்குள் இருக்கட்டும்.

பன்னிரண்டு மணிக்குப் புதிய நகர மன்றக் கோபுரத்தின் மணிகள் ஒலித்தன. 43 மணிகள், 32 பொம்மைகள். 1908 முதல் ஆடிவருகின்றன. மேல்தளத்தில் 1568-இல் நடந்த ஐந்தாம் வில்ஹெல்ம் கோமகனின் திருமணமும், அதையொட்டிய குதிரைவீரர் போட்டியும். நீலம் வெள்ளை அணிந்த பவேரிய வீரன் எதிரியைச் சாய்த்ததும் பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்தில் நின்றவர்களும் கைதட்டினார்கள். கீழ்த்தளத்தில் பீப்பாய் செய்யும் தொழிலாளர்களின் நடனம். கொள்ளைநோய்க்குப் பின் மக்கள் வீட்டைவிட்டு வெளியே வர அஞ்சியபோது, இவர்கள்தான் தெருவில் இறங்கி ஆடி, ‘இனிப் பயமில்லை’ என்று அழைத்தார்களாம். நகரம் சொல்லிவரும் கதை இது. கொரோனாக் காலத்தில் மூடிய கதவுக்குப் பின்னால் நடை பழகிய நம் பிள்ளைகளுக்கு இதற்கு உரை தேவைப்படவில்லை. பின்னர் உச்சியில் உள்ள பொற்சேவல் மூன்று முறை கூவியது.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தபோது ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் எங்கள் கண்ணிலிருந்து மறைந்தான். வழிதவறினால் மீன் நீரூற்றில் நிற்க வேண்டும் என்று காலையில் சொல்லியிருந்தோம். சில நிமிடங்களில் அங்கேயே இருந்தான். அழவில்லை. ஆனாலும் அந்தப் பொறுப்பு என்னுடையது. பெற்றோரிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன். இனி மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

தனியே செல்ல விரும்பும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள். பொம்மையாட்டம் நாள்தோறும் 11 மணிக்கும் 12 மணிக்கும் உண்டு; மாலை 5 மணி ஆட்டம் மார்ச் முதல் அக்டோபர் வரை மட்டுமே. கட்டடத்தை ஒட்டி நிற்காமல், தூணுக்குத் தெற்கே தள்ளி நின்றால் சிறுவர்களுக்குக் கழுத்து வலிக்காது. நகர மன்றத்தின் மேற்கு மூலையில் சுவரில் ஏறும் டிராகன் ஒன்று இருக்கிறது, தவற விடாதீர்கள். பழைய நகர மன்றக் கோபுரத்துப் பொம்மை அருங்காட்சியகத்துக்கு எங்களுக்கு நேரம் போதவில்லை. தானியச் சந்தையாக இருந்த இச்சதுக்கத்துக்கு 1854-இல்தான் இன்றைய பெயர் வந்தது. காலரா பரவிய ஆண்டு அது. இடம் போதாமல் 1807-இல் இங்கிருந்து பிரிந்த விக்டுவாலியன் சந்தை சில நிமிட நடையில் இருக்கிறது. சொந்த உணவைக் கொண்டுவரலாம் என்பது பவேரியாவின் மரத்தடிப் பீர் தோட்டங்களின் பழைய வழக்கம் என்பதால், அங்கே மரத்தடியில் அமர்ந்து புளியோதரையும் தயிர்சாதமும் பகிர்ந்து உண்டோம்.

பீப்பாய்த் தொழிலாளர் நடனத்தை மனிதர்களே ஆடிக் காண்பது ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். 2012, 2019, அடுத்தது 2026. ஜனவரி 6 அன்று தொடங்கி, கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு முந்தைய நாள்வரை நடக்கும். பச்சைத் தழை சுற்றிய வளைவுகளை ஏந்தி அவர்கள் ஆடும்போது நம் கோலாட்டம் நினைவுக்கு வரும். இன்று பள்ளியில் சேர்ந்த பிள்ளை இதை மறுபடி பார்க்கும்போது பதின்மூன்று வயதாகியிருக்கும். அதனால் பொங்கல் விழாவுக்கு அடுத்த வாரம் பிள்ளைகளை அழைத்துச் செல்லப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். உடன் வரக்கூடிய பெரியவர்கள் எட்டுப் பேர் தேவை. பெயர் எழுதும் தாள் வாசலருகே மேசைமேல் இருக்கிறது.

நன்றி.

செயலாளர்