13 மாதங்களை மீட்டுத் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புக்கும் மதிப்புக்கும் உரியவர்களே,

வணக்கம். 13 மாதம் பின்தள்ளிப்போன என் பதவி உயர்வின் தேதி திருத்தப்பட்ட 2021 பிப்ரவரியிலேயே நான் இந்த மடலை எழுதியிருக்க வேண்டும். பணியில் இருக்கும் ராணுவ அதிகாரி தன் பணி தொடர்பான எதையும் மேலிடத்தின் அனுமதி இல்லாமல் பொதுவில் எழுதக் கூடாது என்ற விதி இருப்பதால், 20 ஆண்டுகள் முடித்துச் சீருடையைக் கழற்றி வேலூர் மாவட்டத்தில் என் சொந்த ஊருக்குத் திரும்பிய பிறகே எழுத உட்கார்ந்திருக்கிறேன். தாமதமாக வந்த பதவி உயர்வுக்கு நன்றியும் தாமதமாகத்தான் வர வேண்டுமா என்று என் மனைவி கேட்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

நடந்தது என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சிறிது சொல்லிவிடுகிறேன். 2004 செப்டம்பரில் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலிருந்து குறுகியகாலக் கமிஷன், அதாவது சில ஆண்டுகளுக்கு மட்டுமான அதிகாரி நியமனம், பெற்று வெளியே வந்தவன் நான். அவ்வாறு வருகிறவர்களின் பணி எண் ‘எஸ்.எஸ்.’ என்ற எழுத்துகளுடன் தொடங்கும். பிற்பாடு நிரந்தரக் கமிஷன் கிடைத்தால் அந்த எண் போய் ‘ஐ.சி.’ என்று தொடங்கும் வேறொரு எண் வரும். எனக்கு அந்த மாற்றம் 2014-இல் நடந்தது. எங்கள் வீட்டுக் கறுப்பு இரும்புப் பெட்டிகளில் வெள்ளைப் பெயின்ட்டால் எழுதியிருந்த பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிய எண்ணை நானே எழுதினேன். என் பதிவேடுகளிலும் அதே போல யாராவது ஒருவர் கவனமாக மாற்றி எழுதியிருப்பார் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ராணுவத்தில் கேப்டன் பதவி 2 ஆண்டிலும், மேஜர் பதவி 6 ஆண்டிலும், லெப்டினன்ட் கர்னல் பதவி 13 ஆண்டிலும் பணிக்கால அடிப்படையில் கிடைக்கும். அஜய் விக்ரம் சிங் குழுவின் பரிந்துரைப்படி 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த கணக்கு இது. ஆண்டுகள் நிறைந்தால் மட்டும் போதாது. மற்ற தகுதிகளோடு, லெப்டினன்ட் கர்னல் ஆவதற்கு ‘பார்ட் டி’ என்னும் எழுத்துத் தேர்வின் எல்லாத் தாள்களிலும் தேறியிருக்க வேண்டும். நான் 2012-இல் மற்ற தாள்களையும், 2013-இல் மீதமிருந்த ராணுவச் சட்டத் தாளையும் எழுதித் தேறினேன். இரண்டு முறையும் பழைய எண்ணில்தான் எழுதினேன். எண் மாறியபோது 2012-இன் முடிவுகள் புதிய பதிவுக்கு வந்து சேர்ந்தன. 2013-இன் முடிவு வழியில் எங்கோ நின்றுவிட்டது. எந்த மேசையில் நின்றது என்பதை நான் அறிவேன், ஆனால் எழுதப் போவதில்லை. அந்த மேசையில் அன்று எத்தனை கோப்புகள் குவிந்திருந்தன என்பதையும் நான் அறிவேன்.

2017 செப்டம்பரில் என்னோடு வெளியே வந்தவர்கள் தோளில் சிங்க முத்திரையோடு ஒரு நட்சத்திரமும் ஏறியது. என் பெயர் வரவில்லை. சட்டத் தாள் தேறவில்லை என்று பதிவு சொன்னது. ஊரில் என் அப்பாவுக்கு இதை விளக்குவது பெரும்பாடாக இருந்தது. தேர்வில் தோற்றதை மகன் மறைக்கிறான் என்றே அவர் சில காலம் நினைத்தார். ஒரு மூத்த அதிகாரி, “முதலில் அந்தத் தாளை மறுபடியும் எழுதிவிடு, உரிமையைப் பிறகு கேள்” என்றார். 2018-இல் எழுதினேன், தேறினேன், அக்டோபரில் பதவியும் வந்தது. ஆனால் பதவியின் தேதி அந்த இரண்டாவது தேர்வைப் பின்பற்றி அமைந்ததால் நான் 13 மாதங்கள் பின்தங்கினேன். மறுபடி எழுதியது சரியா தவறா என்பதில் எனக்கு இன்றும் தெளிவில்லை. எழுதியிருக்காவிட்டால் பதவி இன்னும் தள்ளிப்போயிருக்கும், எழுதியதாலேயே முதல் முறை தேறவில்லை என்பதை நானே ஒப்புக்கொண்டது போலவும் ஆயிற்று. ஆனாலும் அவர் என் நலனை எண்ணித்தான் சொன்னார். அவருக்கும் என் நன்றி.

13 மாதம் என்ன பெரிய கணக்கு என்று உறவினர் சிலர் கேட்டதுண்டு. ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணையில் மேஜருக்கு உரிய ஊதிய நிலை 11-இன் தொடக்கம் ரூ. 69,400, லெப்டினன்ட் கர்னலுக்கு உரிய ஊதிய நிலை 12ஏ-இன் தொடக்கம் ரூ. 1,21,200. அந்த வேறுபாடு 13 மாதத்துக்கு மட்டும் என்றால் நான் ஒருவேளை பேசாமல் இருந்திருப்பேன். பதவிக்குப் பின் வரும் ஒவ்வொரு ஜூலை மாத ஊதிய உயர்வும் ஒரு படி பின்னால் நிற்கும், கடைசி ஊதியத்தைக் கொண்டு கணக்கிடும் ஓய்வூதியமும் அந்தப் படியிலேயே நிற்கும், என்னோடு ஒரே வரிசையில் நின்றவர்களுக்குப் பின்னால் என் பெயர் எழுதப்படும் என்பதால்தான் முறையிட முடிவு செய்தேன்.

முதல் நன்றி, நான் மேஜராக இருந்தபோது எங்கள் யூனிட்டின் தலைமை எழுத்தராக இருந்து சுபேதாராக ஓய்வுபெற்ற, நாங்கள் மரியாதையாக ‘சாப்’ என்று அழைக்கும் பெரியவருக்கு. தேர்வில் தேறிய செய்தியை யூனிட் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்னும் ஆணையாக வெளியிடும் என்பதும், அந்த ஆணை 2013-இல் வெளிவந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அதன் எண்ணும் தேதியும் தெரியாமல் பழைய ஆணைகளுக்குள் தேடச் சொல்வது வைக்கோற்போரில் ஊசி தேடச் சொல்வதற்கு ஒப்பானது. திருவண்ணாமலைப் பக்கத்தில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த சாப், தொலைபேசியில் என் குரலைக் கேட்டதும், “உங்க எண் மாறினப்பவே நினைச்சேன் சார்” என்றார். தம் கையால் வெளியிட்ட ஒவ்வொரு ஆணையின் எண்ணையும் தேதியையும் ஒரு வரி விவரத்தையும் ஆண்டுவாரியாக டைரியில் எழுதி வைப்பது அவர் வழக்கமாம். யாரும் கேட்டுச் செய்ததில்லை. 2013-ஆம் ஆண்டு டைரியைப் பதிவுத் தபாலில் எனக்கு அனுப்பி வைத்தார். என் பெயர், பழைய எண், தாளின் பெயர், ஆணை எண், தேதி ஆகிய ஐந்தும் பச்சை மையில் ஒரே வரியில் இருந்தன. அந்த ஒரு வரியின் மேல்தான் என் முறையீடு முழுவதும் நின்றது.

இரண்டாவது நன்றி என் மனைவிக்கு. நம்மவரைப் பொதுவில் புகழ்வது நம் வழக்கமில்லை என்றாலும் இதை விட முடியவில்லை. 14 ஆண்டுகளில் 7 வீடுகளை மாற்றிய நிலையில், 2013-இன் தேர்வு முடிவுப் பட்டியலின் ஒளிநகல் நாலாவது பெட்டியில், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளுக்கு அடியில் இருக்கிறது என்று சமையலறையில் நின்றபடியே சொன்னவர் அவர். பெட்டியைத் திறந்தபோது, புதிய எண்ணின் வெள்ளைப் பெயின்ட் உரிந்து அடியிலிருந்த பழைய எண் பாதி தெரிந்தது. இரண்டு எண்களும் ஒருவனுடையவைதான் என்பதற்கு அந்தப் பெட்டியையே சாட்சியாக அனுப்பலாமா என்று அன்று இருவரும் சிரித்தோம்.

சட்டப்படி எடுத்து வைத்த அடிகளுக்கு வருகிறேன். 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தில் 27-ஆம் பிரிவு, தன் கட்டளை அதிகாரியாலோ வேறொரு மேலதிகாரியாலோ தனக்கு அநீதி நேர்ந்ததாகக் கருதும் அதிகாரி, முதலில் கட்டளை அதிகாரியிடம் முறைப்படி விண்ணப்பித்து, அங்கே நிவாரணம் கிடைக்காவிட்டால் மத்திய அரசிடம் முறையிடலாம் என்கிறது. நான் தேறவில்லை என்று பதிவு சொன்னதே ராணுவச் சட்டத் தாளில்தான். அந்தத் தாளுக்காக இரண்டு முறை படித்த பிரிவு இது என்பதால் எனக்கு அநேகமாக மனப்பாடம்.

என் கட்டளை அதிகாரியாக இருந்த கர்னலுக்கு நான் பெரிதும் கடன்பட்டிருக்கிறேன். 2019 பிப்ரவரியில் என் விண்ணப்பத்தைப் பெற்றவர், பதவியின் தேதியைத் திருத்தும் அதிகாரம் தமக்கு இல்லை என்பதை எழுத்தில் தெளிவாகத் தந்தார். ஜூனில் நான் 27-ஆம் பிரிவின் கீழ் முறையிட்டபோது தம் கருத்துரையை ஒன்றரைப் பக்கத்தில் எழுதிச் சேர்த்தார். பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட் என்று படிப்படியாக மேலே செல்லும் முறையீட்டில் ஒவ்வொரு தலைமையகமும் தன் கருத்தைச் சேர்க்கும். முதல் கருத்துரை மழுப்பலாக இருந்தால் மேலே உள்ளவர்களும் மழுப்புவார்கள். அவர் எழுதியதில், “இவர் நல்ல அதிகாரி” என்பது போன்ற ஒரு சொல்கூட இல்லை. இன்ன தேதியில் இன்ன ஆணை வெளிவந்தது, இன்ன பதிவில் அது இல்லை, இரண்டு எண்களும் ஒரே ஆளுடையவை என்று மட்டுமே இருந்தது. அப்போது எனக்குச் சற்று வருத்தமாகக்கூட இருந்தது. பிறகுதான் புரிந்தது, என் தகுதியைப் பேசியிருந்தால் படிப்பவர்கள் அதை எடைபோடத் தொடங்கியிருப்பார்கள்.

ராணுவச் சட்டத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்று இப்போது வழக்கறிஞராக இருக்கும் நண்பருக்கு அடுத்த நன்றி. நான் எழுதிய முதல் வரைவு 11 பக்கம். அதில் என் மனக்குமுறல் 6 பக்கம். அவர் 4 பக்கமாக வெட்டினார். “யாரையும் குற்றம் சாட்டாதே, பதிவை மட்டும் குற்றம் சாட்டு” என்றார். சட்டப் பிரிவோ ஓர் அதிகாரியால் நேர்ந்த அநீதியைப் பற்றிப் பேசுகிறது. எனக்கு நேர்ந்ததோ ஆள் முகமே இல்லாத ஒரு விடுபாடு. இந்த இரண்டையும் பொருத்தி அவர் எழுதித் தந்த பத்தி, நான் ஆயிரம் முறை முயன்றாலும் எனக்கு வந்திருக்காது.

ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2009 முதல் இயங்குகிறது. சென்னையிலும் அதன் அமர்வு உண்டு. முறையீடு செய்து 6 மாதம் ஆகியும் இறுதி ஆணை வராவிட்டால் அங்கே போகலாம் என்று 2007-ஆம் ஆண்டின் தீர்ப்பாயச் சட்டம் இடம் தருகிறது. 2019 டிசம்பரோடு அந்த 6 மாதம் முடிந்ததும் நான் துடித்தேன். நண்பர் தடுத்தார். கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது, சான்று வலுவாக இருக்கிறது, கொஞ்சம் பொறு என்றார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து நாடே நின்றபோது அவர்மேல் எனக்குக் கோபம் வந்ததை மறைக்க மாட்டேன். பொறுத்ததே சரியாயிற்று. நான் எவ்வளவோ வற்புறுத்தியும் அவர் கட்டணம் வாங்கவில்லை. இந்த மடலில் பெயர் போடவும் சம்மதிக்கவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு நான் அனுப்பிய மனுவுக்கு, 2013-ஆம் ஆண்டுத் தேர்வு மையத்தின் வருகைப் பட்டியலில் என் கையெழுத்து இருந்த பக்கத்தின் நகலை 30 நாள் கெடுவுக்குள் அனுப்பிய அலுவலருக்கும் நன்றி. மற்றவர்களின் பெயர்களை மறைத்து என் வரியை மட்டும் தெரியும்படி நகலெடுத்திருந்தார்.

டெல்லியில் அதிகாரிகளின் பதவி உயர்வைக் கவனிக்கும் ராணுவச் செயலாளர் கிளையிலும் பாதுகாப்பு அமைச்சகத்திலும் என் கோப்பைப் படித்தவர்களை நான் பார்த்ததில்லை. அவர்களில் ஒருவர், அநேகமாக ஓர் இளநிலை அலுவலர், என் சான்றுகளை ஏற்பதோடு நிற்காமல் 2013-இன் மூல மதிப்பெண் பட்டியலையே வரவழைத்து ஒப்பிட்டிருக்கிறார் என்பது ஆணையின் மூன்றாவது பத்தியிலிருந்து தெரிந்தது. நான் கேட்காத வேலை அது. என் பதவி 2017 செப்டம்பர் முதல் செல்லும் என்றும், நிலுவையும் மூப்பும் அதன்படி திருத்தப்படும் என்றும் ஆணை கூறியது. புணேயில் அதிகாரிகளின் சம்பளக் கணக்கைப் பார்க்கும் அலுவலகத்தில் ஊதியத்தை மறுநிர்ணயம் செய்தவர்கள், ஒவ்வொரு ஜூலைக்கும் தனித்தனிக் கணக்குத் தாள் அனுப்பினார்கள். ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை.

கர்னல் பதவிக்கான தேர்வு வாரியத்தில் நான் தேர்வாகவில்லை. சிலர் அதையும் இந்தத் தேதியோடு முடிச்சுப் போடுகிறார்கள், நான் போடவில்லை. அந்த வாரியம் என் பெயரைச் சரியான வரிசையில் வைத்தே பார்த்தது, என்னைவிடத் தகுதியானவர்களைத் தேர்ந்தெடுத்தது. சரியான வரிசையில் நிற்க வேண்டும் என்பதுதான் நான் கேட்டது.

ஆணை வந்த அன்று அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்போ நீ 2013-லேயே பாஸா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அண்டை வீடுகளுக்கு அன்று மாலையே ஜிலேபி போயிற்று என்று அம்மா சொன்னார்.

சுபேதார் சாப், உங்கள் 2013-ஆம் ஆண்டு டைரி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இனி அதைத் தபாலில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் நேரில் கொண்டுவந்து தருகிறோம். ஜூன் மாதப் பக்கத்தில் உரக்கடைக் கணக்கு ஒன்று பாக்கி என்று எழுதியிருக்கிறீர்கள், அது தீர்ந்துவிட்டதா என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற லெப்டினன்ட் கர்னல் ஒருவர்
வேலூர் மாவட்டம்