அன்னதானக் கூடம் தரை வேலை முடிஞ்சுது, கணக்கும் நடந்த கதையும்

எல்லாருக்கும் வணக்கம். நம்ம அம்மன் கோயில் அன்னதானக் கூடத்து டைல்ஸ் வேலை போன வெள்ளியோட முடிஞ்சுது. பங்குனிப் பொங்கலுக்குள்ள முடிச்சிருவோம்னு கூட்டத்துல சொல்லிட்டு வைகாசி வரைக்கும் இழுத்ததுக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்றீங்க, டீக்கடையில கமிட்டிக்காரங்க காசைத் தின்னுட்டாங்கங்கற வரைக்கும் பேச்சு போயிருச்சு, அதனால நடந்ததை அப்படியே எழுதிடறேன்.

வரவு மொதல்ல. 142 தலைக்கட்டு வரி ஆயிரம் வீதம் 1,42,000. நன்கொடை 36,500. ஆக 1,78,500. செலவு 1,71,340 போக கையில 7,160 இருக்கு. பில்லு எல்லாம் கோயில் நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கு, யாரு வேணா பாத்துக்கலாம். இதுல சேராத ஒரு 12,520 இருக்கு, அதுதான் கதையே.

கூடம் 40க்கு 20, மொத்தம் 800 சதுர அடி. ரெண்டுக்கு ரெண்டு விட்ரிஃபைட் டைல் 55 பெட்டி, பெட்டிக்கு நாலு, 220 டைல் எடுத்தோம். மொதல்ல வந்த டீம் ரெண்டு நாள்ல 60 டைல் ஒட்டிட்டாங்க, அடேயப்பா என்ன வேகம்னு நாங்களே வீடியோ எடுத்து குரூப்ல போட்டோம், ஞாபகம் இருக்கும். மூணாம் நாள் காலையில விளக்கு போட வந்த பாட்டி ஒருத்தங்க கைத்தடி ஊனி நடக்கையில ஒரு இடத்துல டக்குனும் அடுத்த இடத்துல டொக்குனும் கேட்டுச்சு. "என்னய்யா, பானையைக் கவுத்து வெச்ச மாதிரி சத்தம் வருது"ன்னாங்க. அஞ்சு ரூபா காசை வெச்சு ஒவ்வொரு டைலா தட்டி, அடியில காலியா இருக்கற பொள்ளல் சத்தம் வந்ததுக்கெல்லாம் சாக்பீஸ்ல பெருக்கல் போட்டோம். 60ல 23.

ஒண்ணைப் பேத்து பாத்தா நாலு மூலையிலயும் கைப்பிடி கலவை உருண்டை, நடுவுல வெறும் பள்ளம். டைலோட முதுகுல ஒரு துளி ஒட்டல, பொட்டிக்கடை பலகை மாதிரி பளபளன்னு இருக்கு. விட்ரிஃபைட் டைல் அரை சதவீதம்கூட தண்ணி குடிக்காது, அடியில முழுசா கலவை தாங்கி, சிமெண்ட் பால் (சிமெண்டைத் தண்ணியில கரைச்சது) பரவலா இருந்தாத்தான் புடிக்கும். இதுல காலையில மூணு மூட்டையை ஒரே குவியலா கலந்துட்டு, டீ, டிபன்னு போய்ட்டு, பதினோரு மணிக்கு இறுகிப் போனதுல மறுபடி தண்ணி ஊத்தி கிண்டியிருக்காங்க. சிமெண்ட்ல தண்ணி பட்டா அரை மணி நேரத்துக்கப்புறம் எப்ப வேணா பிடிக்க ஆரம்பிச்சிரும், பங்குனி வெயில்ல கேக்கவே வேணாம், பிடிச்சதை உடைச்சு தண்ணி ஊத்துனா அது கலவை இல்ல, சேறு. தடிமனும் அப்படித்தான், வாசப்பக்கம் அரை இஞ்ச், சமையக்கட்டுப் பக்கம் தரை ஏற்கனவே பள்ளம்ங்கறதால ரெண்டரை இஞ்ச். தடிமனா இருக்கற எடம் காய காய சுருங்கி அமுங்கும், மெல்லிசா இருக்கற எடம் அமுங்காது, நடுவுல இருக்கற டைல் என்ன பண்ணும்.

60ஐயும் பேத்தோம். அதுல 19 உடைஞ்சுது. அந்த டீமுக்கு குடுத்த கூலி 6,000, உடைஞ்ச டைல் 4,180, வீணான மூணு மூட்டை 1,140, இடிசல் அள்ள டிராக்டர் 1,200, அதான் 12,520. மேற்பார்வை பாக்க வேண்டியது நாங்க, பாக்கல. அதனால ஊர்ப் பணத்துல கை வைக்காம கமிட்டி எட்டு பேரும் ஆளுக்கு 1,565 போட்டுட்டோம். எங்களுக்குள்ளயே ரெண்டு பேருக்கு இதுல வருத்தம்தான், ஆனா குடுத்துட்டாங்க.

அப்புறம் பக்கத்து ஊர் பெரிய கொத்தனாரைக் கூட்டிட்டு வந்தோம். மனுஷன் வந்த அன்னைக்கு ஒரு டைல்கூட தொடல, டியூப் லெவல்ல (தண்ணி நிரப்பின ட்யூப்) நாலு சுவரிலயும் மட்டம் எடுத்து கோடு போட்டுட்டு, "பள்ளத்தை கலவையில ரொப்பாதீங்க, கான்கிரீட்ல ரொப்புங்க, தண்ணி வடியற வாட்டமும் அதுலயே குடுத்துரலாம், மேல கலவை எல்லா எடத்துலயும் ஒரே கனம்தான் வரணும்"னார். அதுக்கு சிப்ஸ் ஜல்லி (பொடி ஜல்லி) போட்டு கான்கிரீட், அது இறுக ஒரு வாரம் தண்ணி விட்டோம். ஆளுங்க சும்மா உக்காந்திருந்தாங்கன்னு நீங்க பாத்த வாரம் இதுதான்.

கலவை ஒரு பங்கு சிமெண்டுக்கு அஞ்சு பங்கு மணல். ஒரு மூட்டை சிமெண்ட் ஒண்ணேகால் கன அடி, எம்-சாண்ட் ஆறேகால் கன அடி, சல்லடையில சலிச்சு, பாக்ஸ்ல அளந்து. ஈர மணல் உப்பி நிக்கும், அளவு ஏமாத்தும்னு தார்ப்பாய் போட்டு மூடி வெச்சார். ஒரு தடவைக்கு அரை மூட்டைதான் கலக்க விட்டார், ஆறேழு டைலுக்கு வரும், அது தீந்தாத்தான் அடுத்தது. பதம் கேட்டதுக்கு ஒரு பிடி எடுத்து அமுக்கிக் காட்டினார், கொழுக்கட்டை மாதிரி நின்னுச்சு, விரல் இடுக்குல தண்ணி வரல. சித்தாள் அக்கா ரெண்டு மக்கு தண்ணி கூடுதலா ஊத்திட்டாங்கன்னு அந்தக் குவியலை சுவர் பூச்சுக்கு தள்ளிட்டார், பாவம் அந்த அக்கா மூஞ்சி சுருங்கிப்போச்சு.

பழைய தரையைக் கொத்திவிட்டு, கூட்டி, நனைச்சு, சிமெண்ட் பால் தெளிச்சு, அதுமேல கலவையைக் கொட்டி மட்டப்பலகையில இழுத்தா ஒண்ணேகால் இஞ்ச்சும் ஒரு நூலும் (அரைக்கால் இஞ்ச்) கனம். அந்த ஒரு நூல் எதுக்குன்னா ரப்பர் சுத்தியல்ல தட்டும்போது டைல் அவ்வளவு இறங்கும். மொதல்ல டைலை சும்மா வெச்சு தட்டி தூக்கிப் பாத்தார், அடி முழுக்க அச்சு விழுந்திருக்கணும், விழாத எடத்துல ஒரு கரண்டி கலவை. அப்புறம்தான் கெட்டிப் பால் ஊத்தி, டைல் முதுகுலயும் தடவி வெச்சது. பாலுக்கு மட்டும் அஞ்சு மூட்டை ஓடிச்சு, சதுர மீட்டருக்கு மூணேகால் கிலோ. இதுல மிச்சம் புடிக்கலாமானு கேட்டது நாந்தான், முறைச்சார். முழு கூடத்துக்கும் கலவை மணல் கிட்டத்தட்ட ஒரு யூனிட் (நூறு கன அடி), சிமெண்ட் பாலோட சேத்து 20 மூட்டை.

தரைக்கும் டைல் பசைதான் பெஸ்ட்னு அவரே சொன்னார், பட்ஜெட் இடம் குடுக்கல. சமையக்கட்டு சுவருக்கு மட்டும் பசை. தண்ணியில பவுடரைப் போட்டு கலக்கி, பத்து நிமிஷம் விட்டு மறுபடி கலக்கி, பல் கரண்டியில ஒரே பக்கமா சீவி ஒட்டினார். பல்லு உசரம் 6 மி.மீ, அமுக்கின பிறகு 3 மி.மீ. அவ்வளவுதான் கனம், கூட அப்பினா வழுக்கி இறங்குது.

பழைய டைல் போதாம திரும்ப எடுத்த மூணு பெட்டி வேற பேட்ச், கலர் ஒரு சாயல் மங்கல். அதை ஸ்டோர் ரூம் ஓரத்துல போட்டுட்டோம், தேடினாத்தான் தெரியும். மிச்சம் 8 டைல் மடப்பள்ளி பரண்ல இருக்கு, யாரும் வீட்டுக்கு கேக்காதீங்க, நாளைக்கு ஒண்ணு உடைஞ்சா இந்த கலர் கிடைக்காது.

போன வாரம் 200 டைலையும் அதே அஞ்சு ரூபா காசால தட்டிப் பாத்தோம். தூண் ஓரத்துல ஒண்ணு மட்டும் லேசா சத்தம் மாறுது, கொத்தனார் வர்ற புதன் வந்து எடுத்து ஒட்டித் தர்றேன்னிருக்கார். அதுவரைக்கும் அந்தப் பக்கம் பெரிய அண்டாவை வெக்க வேணாம்.