செயலாளரின் ஆண்டறிக்கை 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

அறிக்கை ஆண்டில் நிர்வாகக் குழு ஒன்பது முறை கூடியது. பொங்கல் விழாவும் சுதந்திர தினக் கொடியேற்றமும் வழக்கம்போல் நடைபெற்றன. மூன்றாம் தெரு விளக்குகள் மாநகராட்சியிடம் முறையிட்டபின் எரிகின்றன.

சென்ற பொதுக்குழுவின் ஒப்புதலோடு தொடங்கிய குடிநோய் விழிப்புணர்வுத் திட்டம் குறித்துச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக, 1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜி ஆட்சியில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான் என்று பெருமையோடு முதல் கூட்டத்தைத் தொடங்கினேன். கேட்டவர்கள் பெண்கள்; ஆண்கள் என்று பார்த்தால் தலைவர், மருத்துவர், நாற்காலி வாடகைக்காரர், நான். குவார்ட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வந்த மருத்துவர் அதை ஆறு தம்ளர்களில் ஊற்றிக் காட்டினார்: 180 மில்லியில், 42.8 சதவீதச் செறிவில், ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால். உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவு என்று கணக்கிடும் 10 கிராமுக்கு இது ஆறு மடங்கு. கல்லீரலில் கொழுப்பு படிவது பெரும்பாலும் வெளியே தெரியாது என்றும் விளக்கினார். குடிப்பழக்கத்தைக் கண்டறிய அந்நிறுவனம் வகுத்த 10 கேள்விகள் கொண்ட படிவத்தை வீடுதோறும் கொடுத்தோம்; திரும்பி வந்த சிலவற்றிலும் கையெழுத்து மனைவியருடையது.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. பல ஆண்டுகளாக நாள்தோறும் குடித்துவந்த உறுப்பினர் ஒருவரை ஒரே நாளில் நிறுத்திவிடுமாறு வற்புறுத்தியவன் நானே. இரண்டாம் நாள் இரவு அவருக்குக் கை நடுக்கம் கண்டு வலிப்பு வந்தது. மதுவின் மந்தத்துக்குப் பழகிய மூளை, அது திடீரென நின்றதும் நிலைகொள்ளாமல் கிளர்ந்தெழும் என்பதையும், மருந்தும் வைட்டமின் பி1-ம் கொடுத்து மருத்துவர் பார்வையிலேயே நிறுத்த வேண்டும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். வலிப்பை வரவழைத்தவர் செயலாளர்தான் என்று தெருமுனையில் பேசியவர்கள், அன்றிரவு வண்டி கேட்டுத் தட்டியபோது கதவைத் திறக்கவில்லை. அவர் இன்று தொடர் சிகிச்சையில் நலமாக உள்ளார். தம் அனுபவத்தை நான் இங்கு எழுத இசைந்ததோடு, சந்தாவையும் முழுமையாகச் செலுத்தியுள்ளார்.

மற்றவர்களைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்; கையிருப்பு சற்றுக் குறைந்துள்ளது. மாதம் 50 ரூபாய் அதிகம் என்று ஓராண்டுக்கு மேல் நிலுவை வைத்திருப்போரிடம், குவார்ட்டர் என்ன விலை என்று நான் கேட்கவில்லை.

ஒத்துழைத்த மருத்துவருக்கும், படிவத்தைப் பாதி விலையில் அச்சிட்டுத் தந்த அச்சகத்தாருக்கும், மகளிர் குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இப்பொறுப்பை வேறொருவர் ஏற்றால் மகிழ்வேன். ஞாயிறுதோறும் மாலை ஆறு மணிக்கு அரங்கைத் திறந்து, யாரும் வராவிட்டாலும் ஏழு வரை காத்திருப்பது அவர் வேலை. விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சாவியைப் பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செயலாளர்