செடிகளுக்கு மூன்றாவது வழியும் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பருவநிலை மாறும்போது காட்டுச் செடிகள் இடம்பெயரும் அல்லது அழியும் என்றே பலரும் எழுதுகிறார்கள். சில தலைமுறைகளுக்குள் மரபுவழியிலேயே அவை மாறக்கூடும் என்பதை ஏனோ விட்டுவிடுகிறார்கள். கலிபோர்னியாவில் தானாக வளரும் ஒரு கடுகினச் செடியின் விதைகளை 1997-ஆம் ஆண்டிலும், தொடர் வறட்சிக்குப் பின் 2004-ஆம் ஆண்டிலும் சேகரித்து, ஒரே சூழலில் வளர்த்துப் பார்த்தபோது, பிந்தைய விதைகளின் வழிவந்தவை சில நாள்கள் முன்னதாகவே பூத்தன. ஈரம் வற்றுமுன் காய்த்துவிட்ட செடிகளே சந்ததியை விட்டுச் சென்றிருந்தன.

பிரான்சின் மோன்பெலியே நகரில் நடைபாதை மரங்களின் அடியில் வளரும் ஒரு களைச்செடி, காற்றில் மிதக்கும் பஞ்சு விதையையும் காலடியிலேயே விழும் கனத்த விதையையும் ஒரே பூத்தலையில் தருகிறது. மிதந்தவற்றுள் பெரும்பகுதி சிமென்ட் தரையில் விழுந்து வீணாவதால், நகரச் செடிகளில் கனத்த விதையின் பங்கு கூடியிருக்கிறது. இதற்குப் பன்னிரண்டு தலைமுறைகளுக்கு மேல் ஆகவில்லை என்பது ஆய்வாளர் கணிப்பு.

ஆண்டுக்கொரு தலைமுறை காணும் சிறு செடிகளுக்கு இது எளிது. பூப்பதற்கே பல்லாண்டு காத்திருக்கும் மரங்களுக்கு அப்படியன்று. இயற்கை தேர்ந்தெடுப்பதற்குச் செடிக்குச் செடி மரபு வேறுபாடுகள் முன்பே இருந்தாக வேண்டும் என்பதால், நான்கைந்து செடிகளாகச் சுருங்கிப்போன இனத்துக்கும் இவ்வழி ஏறத்தாழ அடைபட்டதே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்