டிக்கெட் விற்ற பிறகு அனுமதி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமப்புறங்களில் பெருகிவரும் கட்டண இசை நிகழ்ச்சிகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். போக்குவரத்து நெரிசலைப் பற்றி விரிவாக எழுதியிருந்தீர்கள். நெரிசலுக்கு வித்திடும் ஒரு நடைமுறையைப் பற்றி நான் சொல்ல வேண்டும்.

அனுமதி என்பது இங்கே கடைசியாக வாங்கப்படும் காகிதம். முதலில் விளம்பரம் வருகிறது, அடுத்து இணையத்தில் டிக்கெட் விற்பனை தொடங்குகிறது, பிறகு மேடைக்குச் சாரம் கட்டுகிறார்கள். இவ்வளவும் முடிந்து, நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது காவல் துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் ஊராட்சிக்கும் மனு போகிறது. பல ஆயிரம் பேர் பணம் கட்டிவிட்ட பிறகு எந்த அதிகாரி மறுப்பார்? மறுத்தால் ஊரே கொந்தளிக்கும் என்ற அச்சத்தில் கையெழுத்து விழுகிறது. இடத்தை நேரில் போய்ப் பார்ப்பதும் பெயருக்குத்தான்.

எங்கள் ஊருக்கு வெளியே ஒரு தோப்பில் சென்ற ஆண்டு நடந்த நிகழ்ச்சி இப்படித்தான் வந்தது. ஊருக்குள் வருவது ஒரே தார்ச்சாலை. எதிரெதிரே இரண்டு பஸ் வந்தால் ஒன்று மண்ணில் இறங்கி வழிவிட வேண்டும். அந்தச் சாலையின் இரு பக்கமும் கார்களை நிறுத்திவிட்டு மக்கள் தோப்புக்கு நடந்தார்கள். பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாலையில் வரும் வண்டி வந்து சேரவில்லை. அன்றிரவு யாருக்காவது நெஞ்சு வலித்திருந்தால் 108 ஆம்புலன்ஸ் எப்படி உள்ளே வந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் பதறுகிறது. மறுநாள் காலை குவிந்து கிடந்த குப்பையை அள்ளியவர்கள் எங்கள் ஊராட்சியின் தூய்மைக் காவலர்கள். அவர்களுக்குக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. அவர்கள் கைக்கு எட்டாமல் ஏரியின் வரத்துக்கால்வாயில் கிடந்த தண்ணீர் பாட்டில்கள் மழையில் அடித்துவரப்பட்டு மதகில் வந்து அடைத்துக்கொண்டன.

2023 செப்டம்பர் 10 அன்று சென்னையின் விளிம்பிலுள்ள பனையூரில் நடந்த இசை நிகழ்ச்சியைத் தமிழகம் மறந்திருக்காது. டிக்கெட் வாங்கிய ஆயிரக்கணக்கானோர் உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை மணிக்கணக்கில் நின்றது. அதே ஆண்டு நவம்பர் 25 அன்று கொச்சியை அடுத்த களமசேரியில், பல்கலைக்கழகத் திறந்தவெளி அரங்கு ஒன்றில் இசை நிகழ்ச்சிக்காகத் திரண்ட கூட்டத்தின் நெரிசலில் 4 பேர் உயிரிழந்தார்கள். இத்தனை பேரை இந்த இடம் தாங்குமா என்று யாராவது முன்கூட்டியே பார்த்துச் சொல்லியிருக்க வேண்டாமா?

சட்டமே இல்லை என்று சொல்வதற்கில்லை. 500 சதுர அடிக்கு மேற்பட்ட அடைப்பிடத்தில் பொதுமக்களுக்குக் கேளிக்கை நடத்த உரிமம் வேண்டும் என்று 1888-லேயே சென்னை மாகாணத்தில் சட்டம் போட்டார்கள். ஒலிபெருக்கியை இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் பயன்படுத்தக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. கேளிக்கை வரியை உள்ளாட்சிகள் வசூலிக்க 2017-இல் தனிச் சட்டமே வந்தது. ஆனால் டிக்கெட் விற்பதற்கு முன்பே அனுமதி பெற வேண்டும் என்ற கட்டாயத்தை நடைமுறையில் எங்கும் காணோம். ஊரின் சாலையையும் நீரையும் குப்பையையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கும் ஒரே அதிகாரியும் இல்லை. ஒவ்வொரு துறையும் தன் பங்குக்கு ஒரு தடையின்மைச் சான்றைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

ஜல்லிக்கட்டுக்கு நாம் இப்படிச் செய்வதில்லையே! 2017 விதிகளின்படி ஆட்சியரிடம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். வருவாய்த் துறை, காவல் துறை, கால்நடைத் துறை, பொதுப்பணித் துறை எல்லாம் களத்துக்கு வந்து பார்க்கின்றன. பார்வையாளர் மாடத்தின் உறுதிக்குப் பொறியாளர் சான்று தர வேண்டும். கிராமத்துத் திடலுக்குள் பெருங்கூட்டத்தைப் பாதுகாப்பாக அழைத்துவர நம் அரசு அலுவலகங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கண்டிப்பு மின்விளக்கு மேடைக்கும் வர வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இங்கிலாந்தின் வைட் தீவில் சுமார் ஒரு லட்சம் பேர் வாழ்ந்த காலத்தில், 1970-இல் நடந்த இசை விழாவுக்கு ஆறு லட்சம் பேர் வந்ததாக மதிப்பிட்டார்கள். மறு ஆண்டே அந்தத் தீவுக்கென்று தனிச் சட்டம் வந்தது: 5,000 பேருக்கு மேல் திறந்தவெளியில் இரவில் கூடுவதென்றால் உள்ளாட்சியின் உரிமம் வேண்டும். அதே நாட்டில் 499 பேருக்குள் முடியும் சிறு நிகழ்ச்சிக்கு இன்று ஒரு எளிய முன்னறிவிப்பு போதும். கூட்டத்தின் அளவுக்கேற்ற இந்த வேறுபாடு நமக்கு மிகவும் தேவை. முந்நூறு பேருக்கு டிக்கெட் போட்டு நாடகம் நடத்தும் குழுவையும், இருபதாயிரம் பேரைக் கூட்டும் நிறுவனத்தையும் ஒரே மனுவோடு ஒரே வாசலில் நிறுத்தினால், அலைச்சல் தாங்காமல் ஓய்ந்துபோவது நாடகக் குழுதான். பெரிய நிறுவனத்துக்கு அலைவதற்கென்றே ஆள் இருக்கிறது.

இசை நிகழ்ச்சிகள் கிராமத்துக்கு வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊர் இளைஞர்கள் அன்று வாகனங்களை ஒழுங்குபடுத்திக் கூலி பெற்றார்கள். பெண்கள் சிலர் இட்லிக் கடை போட்டார்கள். அந்த வருமானம் எங்களுக்குத் தேவை. கடற்கரையோர நிகழ்ச்சிகளுக்கு மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஆலிவ் ரிட்லி எனப்படும் பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் முட்டையிட வரும் மாதங்களில், கரையில் எரியும் பெரிய விளக்குகள் குஞ்சுகளைக் கடலுக்குப் பதிலாக நிலத்தை நோக்கி இழுத்துவிடும்.

ஆயிரம் பேருக்கு மேல் கூடும் எந்தக் கட்டண நிகழ்ச்சிக்கும் ஆட்சியரின் அனுமதி எண் இல்லாமல் ஒரு டிக்கெட்கூட விற்கக் கூடாது என்று அரசு ஆணையிட வேண்டும். அந்த எண்ணும், அனுமதிக்கப்பட்ட தலை எண்ணிக்கையும் டிக்கெட்டிலேயே இருக்கட்டும். சாலைச் சேதத்துக்கும் துப்புரவுக்கும் ஒரு வைப்புத்தொகையை ஊராட்சிக் கணக்கில் முன்பே கட்டச் சொல்லுங்கள். இடம் சுத்தமானதை ஊராட்சி செயலர் உறுதிசெய்த பிறகு திருப்பிக் கொடுக்கலாம். தூய்மைக் காவலர்களின் கூடுதல் வேலைக்கான கூலியை அமைப்பாளரே தர வேண்டும்.

வரும் கிராம சபைக் கூட்டத்தில் இவற்றைத் தீர்மானமாகக் கொண்டுவர எங்கள் ஊரில் சிலர் பேசி முடிவெடுத்திருக்கிறோம். இதே தொல்லையைச் சந்தித்த மற்ற ஊராட்சிகளும் தங்கள் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி ஆட்சியருக்கும் ஊரக வளர்ச்சித் துறைக்கும் அனுப்பும்படி தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் ஊராட்சி வார்டு உறுப்பினர்,
செங்கல்பட்டு மாவட்டம்.